இலங்கைக்குப் போறீங்களா? கொசு வரைந்த வரைபடத்தையும் கையில வச்சுக்கோங்க

1.

போன வாரம் கிளினிக்குக்கு ஒரு குடும்பம் வந்திருந்தாங்க. அப்பா, அம்மா, காலேஜ் படிக்கிற பொண்ணு, எட்டாவது படிக்கிற பையன். நாலு பேருக்கும் உடம்புக்கு ஒண்ணுமில்ல.

"சார், லீவுக்கு சிலோன் போறோம். ஏழு நாள். ரெண்டே கேள்விதான். எந்தெந்த ஊரைப் பார்க்கலாம்? மலேரியா மாத்திரை போட்டுக்கிட்டுப் போகணுமா?"

இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் சொல்லிட்டேன். "வேண்டாம். இலங்கையில் மலேரியா கிடையாது."

அவர் நம்பல. "என்ன சார் இது? ராமேஸ்வரத்துல இருந்து கூப்பிடு தூரம். அதே வெயில், அதே மழை, அதே கொசு. நமக்கு இருக்கு, அவங்களுக்கு மட்டும் எப்படி இல்லாமப் போச்சு?"

ரொம்ப நல்ல கேள்வி. ஓ.பி.யில் பதில் சொல்ல நேரமில்லை. அதனால் இந்த நீண்ட இழை. பொறுமையா படிங்க. இதுல அவரோட முதல் கேள்விக்கும் பதில் இருக்கு.

2.

இலங்கை சின்ன தீவு இல்லை. சுமார் 65,000 சதுர கிலோமீட்டர். நம்ம தமிழ்நாட்டில் ஏறக்குறைய பாதி. ஏழு நாளில் முழுசா பார்த்துட முடியாது, தேர்ந்தெடுத்துத்தான் ஆகணும்.

தேர்ந்தெடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். இந்தத் தீவை இரண்டாகப் பிரிச்சுப் பாருங்க. தென்மேற்கும் நடு மலையும் ஈர மண்டலம். வருஷம் முழுக்க மழை, ஆறுகள் வற்றாது. வடக்கு, கிழக்கு, வட மத்தி எல்லாம் உலர் மண்டலம். வடகிழக்குப் பருவமழையை நம்பி இருக்கும் பூமி. நம்ம ராமநாதபுரம், சிவகங்கை மாதிரி குளம் வெட்டித்தான் விவசாயம்.

மலேரியாவை அங்கே பரப்பிய முக்கியமான கொசு, அனாபிலஸ் க்யூலிசிஃபேசீஸ். இதுக்குச் சாக்கடை பிடிக்காது. ஓடும் ஆறும் பிடிக்காது, முட்டையை அடிச்சுட்டுப் போயிடும். வெயில் படும் தெளிந்த, தேங்கிய சிறு குட்டைதான் பிடிக்கும். ஆறு வற்றும்போது மணலில் அங்கங்கே தண்ணீர் நிற்கும் பாருங்க, அதுதான் இந்தக் கொசுவுக்குப் பிரசவ வார்டு.

இந்த ஒரு வரியை மனசில் வச்சுக்கோங்க. இனி நாம போகப்போகும் ஒவ்வொரு ஊரிலும் இது வந்துகிட்டே இருக்கும்.

3. முதல் இடம்: அநுராதபுரமும் மிஹிந்தலையும்

அநுராதபுரம் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் தலைநகராக இருந்த ஊர். பெரிய தாதுகோபங்கள், போதி மரம் எல்லாம் டூர் பேக்கேஜில் கட்டாயம் இருக்கும். நான் சொல்லப்போறது அங்கிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் உள்ள மிஹிந்தலை.

எல்லோரும் நேரா மலைப்படி ஏறிடுவாங்க. நீங்க அடிவாரத்திலேயே கொஞ்சம் நில்லுங்க. அங்கே ஒரு மருத்துவமனையின் இடிபாடு இருக்கு. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததுன்னு சொல்றாங்க. நடுவில் முற்றம், சுற்றிலும் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். ஒரே கல்லில் குடைந்த ஒரு தொட்டியும் இருக்கு. உள்ளே மனித உடம்பு படுத்திருக்கும் வடிவத்தில் செதுக்கியிருப்பாங்க. மூலிகை எண்ணெயிலோ கஷாயத்திலோ நோயாளியைப் படுக்க வைக்கும் மருந்துத் தோணி அது.

சின்னச் சின்ன அறைகளாகப் பிரிச்சு நோயாளிகளைத் தங்க வைத்த ஏற்பாடு, ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி! ஒரு டாக்டரா அங்கே நின்னா எனக்குக் கொஞ்சம் கர்வமாகவும் இருக்கும், கொஞ்சம் பயமாகவும் இருக்கும்.

ஏன் பயம்? இவ்வளவு அறிவும் வசதியும் இருந்த இந்த ஊரையும் ஒரு கட்டத்தில் காடு மூடிடுச்சு.

4.

அநுராதபுரத்தின் உயிர் அதன் குளங்களில் இருந்தது. 5-ஆம் நூற்றாண்டில் தாதுசேனன் கட்டிய கலா வெவ, அதிலிருந்து அநுராதபுரம் வரைக்கும் எண்பது கிலோமீட்டருக்கும் மேல் வளைந்து வரும் கால்வாய். சரிவு கண்ணுக்கே தெரியாது, அவ்வளவு நுணுக்கமாகத் தண்ணீரை நகர்த்தியிருக்காங்க. பெரிய குளம், அதுக்குக் கீழே சின்னக் குளம், அதுக்குக் கீழே வயல். தண்ணீர் எப்பவும் நகர்ந்துகிட்டே இருக்கும்.

நிர்வாகம் சரியா இருக்கும் வரை இந்த ஏற்பாடு நின்றது. கரை உடைஞ்சா உடனே அடைக்க ஆள் இருந்தாங்க. ஆள் இல்லாமல் போனபோது கரை உடைஞ்சது உடைஞ்சபடியே கிடந்தது. ஓடின தண்ணீர் குட்டையாகத் தேங்கியது. பிரசவ வார்டு தயார்.

5. இரண்டாவது இடம்: பொலன்னறுவை

இங்கே நாமளும் கதைக்குள்ள வர்றோம். 993-இல் சோழர் படை அநுராதபுரத்தைத் தாக்கியது. 1017-இல் மன்னன் ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடித்துச் சோழ நாட்டுக்குக் கொண்டு வந்தார்கள். அவர் இங்கேயே இறந்தார். சோழர்கள் தலைநகரைப் பொலன்னறுவைக்கு மாற்றி, ஜனநாதமங்கலம் என்று பெயர் வைத்தார்கள்.

அந்தக் காலத்துக் கல் கோயில் ஒன்று இன்னும் நல்லா நிக்குது. வானவன்மாதேவி ஈஸ்வரம். பலகையில் இரண்டாம் சிவ தேவாலயம் என்று போட்டிருப்பாங்க. சுவரில் தமிழ்க் கல்வெட்டு இருக்கு. ஒரு நிமிஷம் தஞ்சாவூர் பக்கம் வந்துட்டோமோன்னு தோணும்.

1070-இல் முதலாம் விஜயபாகு நகரத்தை மீட்டார். 12-ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு கட்டிய பராக்கிரம சமுத்திரம் இன்னைக்கும் வயல்களுக்குத் தண்ணீர் கொடுக்குது. ஆளஹான பிரிவெனா பகுதியில் இன்னொரு மருத்துவமனை இடிபாடும் இருக்கு. தோண்டியபோது கிடைத்த அறுவை சிகிச்சைக் கருவிகளை மியூசியத்தில் பாருங்க. கத்திரிக்கோலைப் பார்த்ததும் எங்க சர்ஜரி வார்டு ஞாபகம் வந்துடும்.

1215-இல் கலிங்க மாகனின் படையெடுப்பு. அதுக்கப்புறம் தலைநகர் தெற்கேயும் மேற்கேயும் நகர்ந்துகொண்டே போனது. மக்களும் போனார்கள். உலர் மண்டலத்தின் பெரும்பகுதியைக் காடு எடுத்துக்கொண்டது.

6.

மக்கள் ஏன் போனாங்க? போர் என்பார்கள் சிலர். நிர்வாகம் குலைந்தது என்பார்கள் சிலர். வறட்சி, வணிகம் என்று வேறு காரணங்களும் உண்டு. மலேரியாதான் என்று சொன்னவர்களும் இருக்காங்க. வரலாற்று ஆய்வாளர்களுக்குள் இந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

ஒரு மருத்துவரா எனக்குத் தோன்றுவது இது. காய்ச்சல் அவங்களை விரட்டியதா என்பது விவாதத்துக்குரியது. ஆனா போனவங்களைத் திரும்பி வரவிடாமல் தடுத்ததில் காய்ச்சலுக்குப் பெரிய பங்கு உண்டு.

யோசிச்சுப் பாருங்க. உடைந்த கரையைக் கட்ட ஆள் வேணும். ஆள் அங்கேயே தங்கணும். தங்கினவனுக்குக் குளிர்காய்ச்சல். காய்ச்சலில் விழுந்தவன் எப்படி மண் சுமப்பான்? கரை கட்டாமல் குட்டை போகாது, குட்டை போகாமல் காய்ச்சல் போகாது. செக்குமாட்டுக் கதைதான்.

இது வெறும் ஊகமில்லை, கண்முன்னே நடந்ததும் உண்டு. பொலன்னறுவைக்குப் பக்கத்தில் மின்னேரியா என்ற குளம் இருக்கு. யானைக் கூட்டம் பார்க்க எல்லோரும் சஃபாரி போகும் இடம். 1933-இல் டி. எஸ். சேனநாயக்க முயற்சியில் அங்கே விவசாயிகளைக் குடியேற்ற ஆரம்பிச்சாங்க. நிலம் இருந்தது, தண்ணீர் இருந்தது. ஆனாலும் வந்தவர்களை மலேரியா படுத்தி எடுத்தது.

7. மூன்றாவது இடம்: மாத்தளை

தம்புள்ளையிலிருந்து கண்டிக்குப் போகும் வழியில் மாத்தளை. அங்கே முத்துமாரியம்மன் கோயில் கோபுரத்தைப் பார்த்ததும் வண்டி தானா நிக்கும். போட்டோ எடுப்பீங்க, கும்பிடுவீங்க. அப்படியே அந்த ரோட்டை ஒரு தடவை திரும்பிப் பாருங்க.

உங்க கொள்ளுப்பாட்டியோ, பக்கத்து வீட்டுத் தாத்தாவோ "கண்டிச் சீமைக்குப் போனவங்க" என்று யாரையாவது சொல்லிக் கேட்டிருப்பீங்க. 1830-களுக்குப் பிறகு மலையில் காப்பித் தோட்டம் போட ஆரம்பிச்சாங்க. வேலைக்கு ஆள் நம்ம ஊரிலிருந்து. பஞ்சத்தில் இருந்தவனிடம் கங்காணி வந்து முன்பணம் கொடுப்பார். பாய்மரத் தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து நடை. காட்டு வழியா, ஏறக்குறைய 150 மைல், மாத்தளை வரைக்கும்.

அந்தப் பாதை எது வழியா போகுது? நாம இப்போ பார்த்துவிட்டு வந்த அதே கைவிடப்பட்ட உலர் மண்டலம் வழியா. வழியெல்லாம் குட்டைத் தண்ணீர். குடித்தால் காலரா, பக்கத்தில் படுத்தால் மலேரியா. அம்மை வேற. பாதையோரமே செத்து விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கில். பல பேருக்குக் கல்லறையும் இல்லை, பெயரும் இல்லை.

மாத்தளை வந்துட்டா உயிர் தப்பிச்சோம், இனி மலை ஏறிடலாம் என்று அர்த்தம். அங்கே மாரியம்மனுக்குக் கோயில் எழுந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கு? காய்ச்சலுக்கும் அம்மைக்கும் நாம கும்பிடும் தெய்வம் அவள்தானே.

8. நான்காவது இடம்: நுவரெலியாவும் ஹக்கலையும்

சுமார் 1,900 மீட்டர் உயரம். ஊட்டி மாதிரியே குளிர். வெள்ளைக்காரர்களுக்கு ஏன் இந்த மலை அவ்வளவு பிடிச்சது? குளிர் மட்டும் காரணமில்லை. மலேரியா ஒட்டுண்ணி கொசுவின் வயிற்றுக்குள் வளர்ந்து, அதன் எச்சில் சுரப்பிக்கு வந்து சேர வெப்பம் தேவை. குளிர்ந்த ஊரில் அந்த வளர்ச்சி இழுத்துக்கிட்டே போகும். அது முடிவதற்குள் கொசுவின் ஆயுசே முடிஞ்சுடும். மலைவாசஸ்தலம் என்பது ஒரு வகையில் காய்ச்சலிடமிருந்து தப்பி ஓடிய இடம்.

நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஹக்கலை தாவரவியல் பூங்கா. ரோஜாவும் மலைக்காட்சியும் பார்க்கக் கூட்டம் வரும். அது 1861-இல் தொடங்கியது ரோஜாவுக்காக இல்லை, சின்கோனா மரத்துக்காக. அந்த மரப்பட்டையில் இருந்துதான் நம்ம தாத்தா பாட்டி "கொய்னா" என்று சொன்ன கசப்பு மருந்து வந்தது. அதே காலத்தில் நம்ம நீலகிரியிலும் தொட்டபெட்டா, நடுவட்டம் பக்கம் இதே மரத்தை நட்டார்கள்.

1869-இல் காப்பிச் செடிக்கு இலைத்துரு நோய் வந்து தோட்டங்கள் அழிய ஆரம்பித்தன. முதலாளிகள் சின்கோனாவுக்குத் தாவினார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பயிரிட்டதால் 1880-களில் பட்டை விலை தரைமட்டம். மரத்தை வெட்டிட்டுத் தேயிலை போட்டார்கள். இன்று நீங்க செல்ஃபி எடுக்கும் பச்சைச் சரிவுகளில் சில, ஒரு காலத்தில் மருந்து விளைந்த இடங்கள். 20-ஆம் நூற்றாண்டில் உலகத்துக்கே கொய்னா கொடுத்தது ஜாவா தீவு. இலங்கை, தனக்கு வேண்டிய மருந்துக்கு வெளியே கையேந்தும் நிலை.

அதன் விலை என்னன்னு அடுத்த ஊரில் தெரியும்.

9. ஐந்தாவது இடம்: பின்னவலையும் கேகாலையும்

கண்டியிலிருந்து கொழும்புக்குத் திரும்பும் வழியில் பின்னவலை யானைகள் சரணாலயம். மஹா ஓயா ஆற்றில் யானைகள் கூட்டமாகக் குளிப்பதைப் பார்க்கக் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். உங்க பையனும் வீடியோ எடுப்பான். எடுக்கட்டும். நீங்க அந்த ஆற்றைப் பாருங்க.

1934. தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. எப்போதும் ஓடும் மஹா ஓயா, தெதுரு ஓயா போன்ற ஆறுகள் வற்றி, பாறைக்கும் மணலுக்கும் நடுவே குட்டைகளாக நின்றன. நான் மனசில் வச்சுக்கச் சொன்ன வரி ஞாபகம் இருக்கா? உலர் மண்டலத்துக் கொசு ஈர மண்டலத்துக்குக் குடிவந்தது.

இங்கே ஒரு மருத்துவ விஷயம். உலர் மண்டலத்தில் மலேரியா எப்போதும் உண்டு. அங்கே குழந்தைகளின் வயிற்றை அமுக்கிப் பார்த்தால் மண்ணீரல் வீங்கிக் கைக்குத் தட்டுப்படும். எத்தனை குழந்தைக்கு அப்படி இருக்கு என்று எண்ணித்தான் அந்தக் காலத்தில் ஒரு ஊரின் மலேரியா நிலையை அளந்தார்கள். ஆனா திரும்பத் திரும்ப காய்ச்சல் வந்து பிழைத்தவர்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தியும் வந்துவிடும். ஈர மண்டலத்து மக்களுக்கு அந்த அனுபவம் இல்லை. தாங்கும் சக்தியும் இல்லை. அதோடு உலகப் பொருளாதார மந்தம், வேலை இல்லை, மழை இல்லாமல் விளைச்சலும் இல்லை. பட்டினி கிடந்த உடம்பில் காய்ச்சல் இறங்கியது.

1934 அக்டோபரில் ஆரம்பித்து 1935-க்குள் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். அப்போது தீவின் மக்கள்தொகையே ஐம்பது லட்சத்துக்குச் சற்று மேல்தான். குருநாகலும் கேகாலையும் மிக மோசமாக அடிபட்டன. சின்னக் குழந்தைகள்தான் அதிகம். ஒரு வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டால் கஞ்சி வைக்கக்கூட ஆள் இல்லை.

அரசு மருந்து கொடுத்தது, போதவில்லை. சூரிய மல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் சாப்பாடும் தூக்கிக்கொண்டு கிராமங்களுக்குள் போனார்கள். என். எம். பெரேரா அவர்களில் ஒருவர். அந்த இளைஞர்கள் பலர் சேர்ந்துதான் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள். அடுத்த வருஷமே பெரேரா கேகாலை மாவட்டத்து ருவன்வெல்லைத் தொகுதியில் ஜெயித்து அரசாங்க சபைக்குப் போனார். ஒரு கொசு ஒரு நாட்டின் அரசியலையே திருப்பியது.

மருத்துவம் எல்லோருக்கும் எட்டணும் என்ற எண்ணம் இலங்கையில் இவ்வளவு ஆழமா வேர் பிடிச்சதுக்கு அந்தச் சாவுகளும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

10.

1946-இல் வீடுகளுக்குள் சுவரில் டிடிடி அடிக்க ஆரம்பித்தார்கள். ரத்தம் குடித்த கொசு சுவரில் உட்கார்ந்து ஓய்வெடுக்கும், அங்கேயே சாகும். பல லட்சத்தில் இருந்த நோயாளிகள் எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது. எழுநூறு வருஷமா திரும்பிப் போக முடியாமல் இருந்த பொலன்னறுவைப் பக்கம் மக்கள் பெரிய அளவில் குடியேற முடிந்தது அதற்குப் பிறகுதான்.

1963-இல் தீவு முழுவதும் பதிவான மலேரியா நோயாளிகள் எத்தனை பேர் தெரியுமா?

17.

பதினேழு லட்சமோ பதினேழாயிரமோ இல்லை. வெறும் பதினேழு பேர்.

ஜெயிச்சாச்சு என்று நினைத்தார்கள். 1964-இல் மருந்து அடிப்பதை நிறுத்தினார்கள். கண்காணிப்பு தளர்ந்தது. இடையில் மாணிக்கக்கல் தேடி மக்கள் கண்ட இடத்தில் குழி தோண்டினார்கள். குழியில் தண்ணீர் நின்றது. மழையும் பொய்த்தது. 1968, 69-இல் மறுபடியும் கொள்ளைநோய். 1969-இல் மட்டும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு மலேரியா.

பொதுசுகாதாரம் படிக்கும் ஒவ்வொரு மாணவனுக்கும் இந்த 17 என்ற எண்ணைச் சொல்லிக் கொடுப்பார்கள். நோய் குறைஞ்சுடுச்சு என்பதும் நோய் போயிடுச்சு என்பதும் ஒண்ணு இல்லை.

11.

அதுக்கப்புறம் நாற்பது வருஷப் போராட்டம். அதில் பாதிக்கு மேல் உள்நாட்டுப் போர் நடந்த காலம். மலேரியா அதிகம் இருந்ததும் போர் நடந்த வடக்கிலும் கிழக்கிலும்தான். 1999-இல்கூட இரண்டரை லட்சத்துக்கும் மேல் நோயாளிகள். அந்தச் சூழ்நிலையிலும் கொசுவலை போனது, மருந்து போனது, ரத்தப் பரிசோதனை செய்யும் ஊழியர்கள் போனார்கள். காய்ச்சல் என்று வந்தவர் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை, வருஷக்கணக்கில்.

சான்றுக்கு முன் உள்ளூரிலேயே தொற்றிய கடைசி மலேரியா நோயாளி, 2012 அக்டோபரில். அதன்பிறகு சான்று வரும் வரை ஒருவரும் இல்லை. 2016 செப்டம்பர் 5 அன்று மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்தது.

"நமக்கே இருக்கு, அவங்களுக்கு எப்படி இல்லாமப் போச்சு?" என்று கேட்டாரே, அவருக்கு இதுதான் பதில். தானா போகல சார். குருநாகலில் 1911-இல் முதல் மலேரியா தடுப்பு நிலையம் திறந்ததில் இருந்து கணக்குப் போட்டால் நூறு வருஷம் ஆகியிருக்கு.

12. ஆறாவது இடம்: மன்னார்

ஒரு நாள் மிச்சம் இருந்தால் மன்னார் போங்க. அநுராதபுரத்திலிருந்து போவது சுலபம். பழைய கோட்டை, பெருக்க மரம், போகும் வழியில் திருக்கேதீஸ்வரம், மடு மாதா கோயில். தீவின் மேற்கு முனையில் தலைமன்னார். அங்கிருந்து கடலுக்கு அந்தப் பக்கம் சுமார் 30 கிலோமீட்டரில் நம்ம தனுஷ்கோடி. 1914 முதல் 1964 புயல் வரைக்கும் ரயிலும் கப்பலுமாக ஒரே டிக்கெட்டில் மக்கள் போய்வந்த வழி.

அந்த வழியில் போன தோட்டத் தொழிலாளர்களை முதலில் நம்ம மண்டபம் கேம்ப்பில் நிறுத்தி வைப்பார்கள். நோய் இருக்கா என்று பார்த்து, அம்மை குத்தி, சில நாள் தனிமையில் வைத்து, அப்புறம்தான் கப்பல். நம்ம ஆட்கள் நோயைக் கொண்டு வந்துவிடுவார்களோ என்ற பயம் அவங்களுக்கு. அந்த முகாமில் மனிதர்களை நடத்திய விதம் பற்றித் தனியா ஒரு இழை எழுதணும்.

இப்போ கடைசி விஷயம். இதுக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

2016 செப்டம்பரில் சான்றிதழ் வந்தது. அதே வருஷம் டிசம்பரில் மன்னாரில் ஒரு புதுக் கொசுவைக் கண்டுபிடித்தார்கள். அனாபிலஸ் ஸ்டீபன்சி. அதுவரை இலங்கையில் பதிவாகாத இனம். இந்தக் கொசுவுக்கு ஆற்றுக் குட்டை தேவையே இல்லை. கிணறு, சிமெண்ட் தொட்டி, மொட்டை மாடியில் மூடாத டேங்க் போதும். சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அதே கொசு. நமக்கு ரொம்பப் பழக்கமான கொசு.

கொசு அங்கே போயாச்சு. ஒட்டுண்ணி மட்டும்தான் இல்லை. அதை யார் கொண்டு போவாங்க?

கொசுவால் அவ்வளவு தூரம் கொண்டு போக முடியாது. மனுஷன் ரத்தத்தில்தான் போகணும். ஃப்ளைட்டில், பாஸ்போர்ட் விசாவோட. இலங்கையில் இப்போதும் வருஷத்துக்குச் சில பத்துப் பேருக்கு மலேரியா கண்டுபிடிக்கிறார்கள். ஏறக்குறைய எல்லாமே வெளிநாட்டில் தொற்றிக்கொண்டு வந்தவை. ஆப்பிரிக்காவிலிருந்தும், நம்ம இந்தியாவிலிருந்தும்.

13. அதனால் என் மருந்துச்சீட்டு

* மலேரியா தடுப்பு மாத்திரை உங்களுக்கு வேண்டாம்.

* கடந்த ஒன்றிரண்டு வருஷத்தில் உங்களுக்கு வைவாக்ஸ் மலேரியா வந்திருந்தால், கிளம்பும் முன் டாக்டரிடம் சொல்லுங்க. அந்தக் கிருமி கல்லீரலில் ஒளிஞ்சு தூங்கும், பல மாதம் கழித்து எழும். அதைக் கொல்லத்தான் 14 நாள் பிரைமாகுயின் கொடுக்கிறோம். மூணு நாளில் காய்ச்சல் நின்னதும் மாத்திரையை நிறுத்தினவங்க நம்மில் நிறையப் பேர். அந்த மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நீங்களா வாங்கிப் போடாதீங்க. சிலருக்கு முன்கூட்டியே ஒரு ரத்தப் பரிசோதனை தேவை.

* அங்கே போய்க் காய்ச்சல் வந்தால், தயங்காமல் மருத்துவமனைக்குப் போங்க. "நான் இந்தியாவிலிருந்து வந்திருக்கேன், மலேரியாவுக்கும் ரத்தம் பாருங்க" என்று நீங்களே சொல்லுங்க. பல வருஷமா மலேரியாவே பார்க்காத இளம் டாக்டர்கள் அங்கே இருக்காங்க. உங்க ஒரு வார்த்தை அவங்களுக்கு உதவும்.

* டெங்கு அங்கே உண்டு, நிறையவே உண்டு. பகலில் கடிக்கும் கொசு. முழுக்கை சட்டை, கொசு விரட்டி க்ரீம் எடுத்துக்கோங்க. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபூபுரூஃபன் வேண்டாம்.

* திரும்பி வந்ததும் மொட்டை மாடிக்கு ஏறி டேங்க் மூடியிருக்கா பாருங்க.

14.

அந்த அப்பாவுக்கு ஒரு காகிதத்தில் ஆறு ஊர் எழுதிக் கொடுத்தேன். மிஹிந்தலை, பொலன்னறுவை, மாத்தளை, ஹக்கலை, பின்னவலை, மன்னார். பார்த்துவிட்டு, "இதுல பாதி எங்க பேக்கேஜ்லயே இருக்கே சார்" என்றார்.

ஆமாம், ஊர் அதேதான். அங்கே போய் எதைப் பார்க்கிறோம் என்பதுதான் வேற.

வெளியூர் போகும்போது நாம எல்லோரும் கேட்பது, "அங்கே எனக்கு என்ன நோய் வரும்?" இந்தத் தீவுக்குப் போகும்போது மட்டும் இன்னொரு கேள்வியும் கேட்டுக்கோங்க. "நான் அங்கே என்ன கொண்டு போறேன்?"

எண்பதாயிரம் உயிரைக் கொடுத்து, நூறு வருஷம் பாடுபட்டு, ஒரு தடவை 17 வரைக்கும் வந்து தோற்று, மறுபடியும் எழுந்து அவங்க துடைத்து வைத்த வீடு அது. விருந்தாளியா போறோம். செருப்பை வாசலிலேயே விட்டுட்டுப் போவோம்.

பத்திரமா போயிட்டு வாங்க. படங்களைக் கீழே போடுங்க. மிஹிந்தலை மருந்துத் தோணிப் படம் போடுபவர்களுக்கு என் தனி அன்பு.